கருத்துக் கேட்க வந்த நாரை

காட்டோரத்தில் மேய்கிற செவலை ஆடு எதையும் மோந்து பார்க்காமல் வாய் வைக்காது. வருஷத்துக்கு ஒருமுறை தூரதேசத்திலிருந்து பறந்து வருகிற நாரை, அன்றைக்கு அதைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது.

"காட்டைச் சுத்தி வேலி போடலாமா வேண்டாமான்னு இங்க இருக்கிற நீங்கதான் சொல்லணும். மொதல்ல சாப்பிடுங்க" என்று ஒரு கட்டு அத்தித் தழையை முன்னால் வைத்தது நாரை.

தழையைக் காட்டிக் கூப்பிட்டால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று ஆடாய்ப் பிறந்த யாருக்கும் தெரியும். செவலை வாய் வைக்கவில்லை. நாரைக்குப் பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றியை ஏற இறங்கப் பார்த்தது. காலெல்லாம் ஈர மண்.

"எங்க குழி தோண்டிட்டு வர்றீங்கண்ணே?"

"கிழங்குக்குத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது முள்ளம்பன்றி.

செவலை மெல்லத் திரும்பிப் பார்த்தது. காலையில் அது சுனைக்குப் போய்வந்த தடத்தை மறித்துக்கொண்டு புது முள்வேலி நின்றது.

"கூச்சப்படாம உங்க கருத்தைச் சொல்லுங்கம்மா" என்றது நாரை.

"சொல்றேங்கய்யா. தொண்டை காயுது. சுனைக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லட்டுங்களா?"

நாரை முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி தன் காலைப் பார்த்தது.