தொடாத காப்பி

எலப்புள்ளியில் எங்கள் வீட்டுக்கு மகனோடு பெண் பார்க்க வந்த கமலாத்தாள், நான் எய்ட்ஸ் வைரஸுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்காரி என்று தெரிந்ததும் காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"கம்ப்யூட்டர் வேலைன்னுதானுங்க தரகர் சொன்னாரு! நாள் பூரா அந்தக் கருமத்தைத் தொடற கையி. அந்தக் கையில நாங்க சோறு வாங்கித் திங்கறதா?"

"அது ஒட்டாதுங்க," என்றார் அப்பா பரிதாபமாக.

"ஒட்டுதோ இல்லையோ, எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க. தனபாலு, எந்திரி."

மாப்பிள்ளை உதடு வரை கொண்டுபோன தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். முப்பது தாண்டிய ஆம்பளை, அம்மா பின்னாலேயே நடந்தான்.

அப்பா நொந்துபோய் உள்ளே போய்விட்டார். தன் அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு, தனபால் மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்தான்.

"ஏனுங்க, போன வாரம் போன்ல நான் சொன்ன விசயம் அம்மாவுக்குத் தெரியாதுங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேனுங்க. உங்க ஒடம்புல அந்த வைரஸ் இருக்குதுன்னு நீங்களே மறைக்காம சொன்னீங்க. மாத்திரையில அது அடங்கிட்டா பொண்டாட்டிக்குப் பரவாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களைக் கட்டிக்கச் சம்மதிச்சேன்."

அவன் காரைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்குத்தான் என் கைக் காப்பியைக் குடிக்கத் தைரியமில்லை. போங்க, அம்மா கூப்பிடறாங்க."