புதுப்பனி விழுந்த சனிக்கிழமை

வெண்டெல் பக்கத்துல உக்கார ஒருத்தரும் தயாரா இல்லை.

பனிச்சறுக்குக்காரங்களை மலை மேல ஏத்திவிடுற லிஃப்ட் வரிசையில கிழவர் தனியா நின்னார். கம்பியில தொங்கிப்போற நாற்காலி, ஒண்ணுக்கு ரெண்டு பேர் ஏறணும். முன்னால நின்ன குடும்பம் கையுறையைச் சரி பண்ற சாக்குல ஒதுங்கிக்கிச்சு. பின்னால நின்னவங்க மேகத்தை ஆராய்ச்சி பண்ணாங்க.

பின்ன என்ன? முப்பது வருஷமா பிளம்லி மலை அவரோடது. போன வருஷம் சறுக்கு சீசன் முடிஞ்ச கையோட ஒரு பெரிய கம்பெனிக்கு வித்துட்டார். இப்ப வண்டி நிறுத்தக் காசு. வரிசையில பீப் பீப்னு கத்துற கேட்டு. வீட்டு சாண்ட்விச்சை உள்ள பிரிக்கக் கூடாதுன்னு போர்டு.

"கோரா, நீ தனியாத்தானே வந்திருக்கே? பெரியவரோட ஏறு," லிஃப்ட் ஓட்டுற ரூஃபஸ் குரல் குடுத்தான்.

கோரா காலேஜ்ல ரெண்டாவது வருஷம். 'எங்க மலையை விக்காதே'ன்னு ஊர் பூரா ஸ்டிக்கர் ஒட்டினது அவதான். அவ ஹெல்மெட்லயும் ஒண்ணு இருக்கு.

"நான் அடுத்ததுல வரேன்."

"பாதி நாற்காலி காலியாப் போனா என்னைத்தான் கேப்பாங்க. புது முதலாளி கேமரா வெச்சிருக்கான். ஏறு தாயே."

ஏறினா. பாதுகாப்புக் கம்பியை டமால்னு கிழவர் முட்டி மேல இழுத்தா.

"நல்லவேளை, அது ஆபரேஷன் பண்ண முட்டி," வெண்டெல் முட்டியைத் தடவிக்கிட்டார். "உள்ள இரும்பு."

"நெஞ்சுக்குள்ளயும் அதேதானா?"



பாதி மலை ஏறினதும் லிஃப்ட் நின்னுடுச்சு. முன்னெல்லாம் நின்னா, ஒலிபெருக்கியில வெண்டெல் குரல் வரும். 'யாரோ விழுந்துட்டாங்க. யாருன்னு சொல்லமாட்டேன். பச்சைக் குல்லா.' மலையே சிரிக்கும். இப்ப அதுல ஒரு பொம்பளை தேன் ஒழுக இன்சூரன்ஸ் வித்துக்கிட்டிருந்தா.

"கேக்குதா? இதுக்குத்தான் வித்தீங்க," கோரா ஆரம்பிச்சா. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஊரே சேந்து வாங்கியிருப்போம்."

"வாங்கியிருப்பீங்களா?"

"வீட்டை அடமானம் வெச்சாவது வாங்கியிருப்போம். இந்த மலை எங்களுக்கு என்னன்னு உங்களுக்கு என்ன தெரியும்? போன பிப்ரவரி, அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இருக்கா? விடிய விடியக் கொட்டி, முட்டியளவு புதுப்பனி, சறுக்கறதுக்கு அதைவிட வரம் இல்லை. ஊர்ல ஒரு கடை தொறக்கல, எல்லாரும் மலையில. பல் டாக்டர், வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திருந்த ஆளை அப்படியே விட்டுட்டு வந்தார். பாதிரியார் ஒரு கல்யாணத்தையே சாயங்காலத்துக்குத் தள்ளி வெச்சார். லிஃப்டை வேற வழக்கத்தைவிட சீக்கிரமே ஓட விட்டாங்க. மொத நாற்காலி எனக்கு. என் வாழ்க்கையில அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஜனங்களைத்தான் நீங்க வித்தீங்க."

வெண்டெல் கீழ கிடந்த பனியவே பாத்துக்கிட்டிருந்தார்.

"நீ கத்திக்கிட்டே இறங்கினதைப் பாத்தேன். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் வழியா."

"உள்ளயா இருந்தீங்க? அந்த மாதிரி நாள்லயா? உள்ள என்ன பண்ணீங்க?"

"டோனட் ஆறுறதைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்ன டோனட்?"

"என் பொண்டாட்டி ஊருக்கே சுட்டது. நாற்காலியெல்லாம் வரிசையாப் போட்டிருந்தோம். அன்னிக்குக் காலையில கூட்டம்னு வாசல்ல போர்டு வெச்சிருந்தேனே. மலையைப் பத்திப் பேசணும், எல்லாரும் வாங்கன்னு."

கோராவுக்கு அந்தப் போர்டு நல்லா ஞாபகம் இருந்துச்சு. வாரக்கணக்கா அதுலதான் அவ சறுக்குப் பலகையைச் சாய்ச்சு வெப்பா.

"அது பார்க்கிங் பத்தின்னு நெனச்சோம். வருஷா வருஷம் கூட்டத்துல அதைத்தானே பேசுவீங்க?"

"ஆமா, வருஷா வருஷம் அதுதான்."

"அன்னிக்கு எதைப் பத்தி?"

"நீ இப்பச் சொன்னியே, அதைப் பத்தித்தான். நீங்கல்லாம் சேந்து வாங்கிக்கிறீங்களான்னு. பேங்க்காரன் கடனுக்காகக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். திங்கக்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்லியாகணும்."

"அதைப் போர்டுலயே எழுதியிருக்கலாமே?"

"எழுதினா நடு சீசன்ல வேலைக்காரங்க பயந்துபோய் வேற மலைக்கு ஓடிடுவாங்க. நேர்ல சொல்லலாம்னு நெனச்சேன்."

கோரா கம்பியைப் பிடிச்சிருந்த கையைப் பாத்தா.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? நாங்க உங்களை என்னென்ன பேசினோம்..."

"ஒவ்வொருத்தரும் அந்த நாளைப் பத்தி அவ்வளவு சந்தோஷமாப் பேசிக்கிட்டுத் திரிஞ்சீங்க. அதைப் போய் ஏன் கெடுக்கணும்?"

அவர் குரல்ல கோவமே இல்லை. அதுதான் கோராவால தாங்க முடியல.

"ஒருத்தர்கூடவா வரல?"

"ரூஃபஸ் வந்தான். காலி நாற்காலியைப் பாத்தான். 'லிஃப்டைப் பூட்டிடுவோம். வேற வழியில்லாம அத்தனை பேரும் உள்ள வருவாங்க'ன்னான்."

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கிட்டு நகர ஆரம்பிச்சுது.

"அவன் சொன்னது சரிதானே," கோரா சொன்னா. "பூட்டியிருக்கலாமே?"

கிழவர் அவளை, 'பைத்தியமா நீ'ன்னு கேக்குற மாதிரி பாத்தார்.

"அந்தப் பனியிலயா?"