மஞ்சள் பொடி

நார்வேயின் வடகோடி ஊரான ட்ரோம்சோவில் மார்ச் மாதத்திலும் வெளியே பனிதான். தோருன் தன் கணவனின் சட்டைக் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"ஹால்வார், இந்த மஞ்சள் பொடி யாரோடது?"

"என்ன பொடி?" என்றவனின் காது சிவந்தது.

"தினமும் காலையில கண்ணாடி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிற. 'கண்ணே, இன்னைக்காவது மனசு இறங்கு'ன்னு கொஞ்சுற. என்கிட்ட அப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆச்சு?"

அவன் சட்டைக் கையை உதறிக்கொண்டு நழுவினான்.

மறுநாள் காலை அதே கொஞ்சல் கேட்டதும் அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். ஹால்வார் தக்காளிச் செடியின் பூக்காம்பில் எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷை வைத்து அதிரவைத்துக்கொண்டிருந்தான். பூவிலிருந்து மஞ்சள் பொடி உதிர்ந்தது.

"வண்டு வந்து ரீங்காரம் போட்டாத்தான் தக்காளிப்பூ மகரந்தத்தைத் தாராளமா விடும். இந்தப் பனியில வண்டுக்கு நான் எங்க போறது? உன் பிறந்தநாளுக்குள்ள பழுக்கணும்ல?" என்று பட்டாணி அளவிலிருந்த பிஞ்சைக் காட்டினான்.

கண் கலங்கி அவனைக் கட்டிக்கொண்ட தோருன் சட்டென்று விலகினாள்.

"அடப்பாவி, அது என் பிரஷ்!"

"உன்னோடதுதான் அச்சு அசல் வண்டு மாதிரி பாடுது."

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"நகரு. இந்தப் பக்கத்துப் பூவெல்லாம் எனக்கு."