சேலத்திலிருந்து ஒரு போன்

"உன் வூட்டுக்காரரு வாயத் தொறந்தா புளுகுதான்டி. இந்தா, நீயே பாரு!"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த மாதப் பத்திரிகையை வளர்மதியின் மடியில் போட்டாள் பக்கத்து வீட்டு லிடியா.

லிடியாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது.

போன வருஷம் வளர்மதிக்கு எட்டாம் மாதத்தில் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அவளுக்கு மயக்கம் தெளியும் முன்பே, துண்டில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டான் அவள் கணவன் அன்புச்செல்வன்.

மறுவாரமே கரும்பு டிராக்டர் ஓட்டப் போய்விட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

'கல் மனசுக்காரன்' என்று தெருவே பேசியது. லிடியா கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசினாள்.

அழுது அழுது ஓய்ந்த வளர்மதி, ஒருநாள் ஒரு கவிதை எழுதினாள்.

'தொட்டில் கட்ட எடுத்து வைத்த சேலை
கொடியில் காய்கிறது.
காற்று வந்தால்
உள்ளே யாரோ
புரண்டு படுக்கிறார்கள்.'

புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். "டயருக்குக் காத்து பாக்கணும்" என்று எழுந்து போய்விட்டான்.

பத்திரிகைக்கு அனுப்பி வைத்தாள். கவிதைக்குக் கீழே எழுதியவர் பெயர், ஊர், செல் நம்பர் போடுவார்கள். பிடித்தவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்ணின் நம்பரைப் போட்டால் கண்டவனும் கூப்பிடுவான் என்று, அன்புச்செல்வனின் நம்பரைத்தான் எழுதி அனுப்பியிருந்தாள்.

இந்த மாதம் கவிதை வந்துவிட்டது. அவள் அதைச் சொன்னதிலிருந்து, தனக்குப் போனுக்கு மேல் போன் வருவதாகத் தினமும் வந்து சொன்னான் அன்புச்செல்வன்.

"ஆலை வாசல்ல வண்டி வரிசையில நின்னுக்கினு இருந்திச்சா... திருவண்ணாமலை வாத்தியாரு ஒருத்தர் பண்ணாரு வளரு. நல்லா எழுதியிருக்காங்கன்னாரு."

"தியாகதுருகத்துல துணிக்கடையில வேலை பாக்குற அம்மாவாம். சேலைய மடிக்கிறப்பெல்லாம் உன் கவிதைதான் ஞாபகம் வருதாம்."

முந்தாநாள் பேசியவர் சேலத்து லாரி டிரைவர். "அவருக்கும் நம்மள மாதிரியே ஆயிட்சாம். அதுக்கு மேல பேச முடியல அவரால. வெச்சிட்டாரு."

இதையெல்லாம் வளர்மதி வாயாலேயே கேட்டுச் சந்தோஷப்பட்டவள்தான் லிடியா. இப்போது பத்திரிகையைப் பிரித்து, விரலால் குத்திக் காட்டினாள்.

"வளர்மதி, மூங்கில்துறைப்பட்டு. அவ்ளோதான் போட்டிருக்காங்க. நம்பரே போடல! அப்புறம் எந்த வாத்தியாரு, எந்த டிரைவரு இவருக்குப் போன் பண்ணான்?"

வளர்மதி பத்திரிகையை மூடினாள்.

"தெரியும் லிடியா."

"இன்னாது?"

"எழுதினவங்களுக்குன்னு எனக்கு ஒரு புக்கு தபால்ல அனுப்பியிருந்தாங்க. நம்பர் இல்லன்னு மொத நாளே பாத்துட்டேன். அவரு கண்ணுல படக்கூடாதுன்னு அதை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"தெரிஞ்சுகினேவா தினம் 'இன்னைக்கு யாருங்க பேசினாங்க'ன்னு கேக்கற? உனக்கு இன்னாடி பைத்தியமா?"

வளர்மதி பதில் சொல்வதற்குள் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. லிடியா பத்திரிகையைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

அன்புச்செல்வன் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வளர்மதி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"இன்னைக்கு யாருங்க பேசினாங்க?"

லிடியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த சேலம் டிரைவருதான். மறுபடியும் பண்ணாரு."

"இன்னா சொன்னாரு?"

அவன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை.

"கொழந்தைய அவருதான் கையில வாங்கினாராம். தூங்குற மாதிரியே இருந்திச்சாம். மூக்கு... அப்படியே அவரு சம்சாரத்து மூக்காம்."

வளர்மதியின் கை தன் மூக்கிற்குப் போனது. லிடியா அதைப் பார்த்தாள். அவள் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"அவங்களுக்குக் காட்டலியாங்க?" வளர்மதி மெல்லக் கேட்டாள்.

"காட்டல. அவ மயக்கத்துல இருந்தா. பாத்தா தாங்க மாட்டாளேன்னு பயந்துகினு கொண்டுபோய்..." நிறுத்தினான். "பயந்துகினு கொண்டுபோய்ட்டாராம். அதான் தப்புன்னு தெனம் மனசு அறுக்குதாம். அந்தம்மா மனசுல கோவம் இருக்குமோன்னு கேக்கக்கூட வாய் வரலியாம். பாவம், வண்டியில தனியா போறப்ப அழுவாராம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வளர்மதி அவன் எதிரில் உட்கார்ந்தாள். சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மறுபடி அவரு பண்ணா சொல்லுங்க," என்றாள். "அவரு சம்சாரத்துக்குக் கோவமே கெடையாதுன்னு. இனிமே அழணும்னா, வூட்டுக்கு வந்து அவ பக்கத்துல உக்காந்து அழச் சொல்லுங்க."