கணுக்காலில் ஒரு விரல்

நேற்று முழுக்க நான் கேட்டபோது ஒன்றுமில்லை என்றவர், இந்த நர்ஸிடம் மட்டும் எப்படிக் கொட்டுகிறார் என்று மனைவிக்கு மனம் குமைகிறது. ஜன்னல் வெயில் கட்டிலில் விழுந்து கிடக்கிறது. இதயத்துக்கான புது மாத்திரையில் கால் வீக்கம் வடிகிறதா என்று பார்க்க, நர்ஸ் அவருடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறாள். விழுந்த குழி மெல்ல மெல்ல மேடாகிறது. முப்பது வருஷம் அந்தக் காலைப் பிடித்துவிட்டவளுக்கு இப்படிப் பார்க்கத் தோன்றியதேயில்லை. "எழுந்து நின்னா தலை சுத்துதா ஐயா?" "நேத்து ரெண்டு தடவை சுத்துச்சும்மா. சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்." "அப்போ சுவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே!" என்கிறாள் நர்ஸ். அவர் பல் தெரியச் சிரிக்கிறார். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "ராத்திரி மூச்சு..." என்று தொடங்கியவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார். அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே நர்ஸ் தணிவாகச் சொல்கிறாள்: "அம்மா, நீங்க இருந்தா ஐயா சொல்ல வந்ததுல பாதியை முழுங்கிடறார். இவர் சொல்றதை வச்சுத்தான் மருந்தைக் கூட்டறதா குறைக்கறதான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். அஞ்சு நிமிஷம் வெளிய இருங்களேன்." மனைவி நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "நான் இங்கயே இருக்கேன்மா. நீ கேளு."