பிள்ளை வீட்டு வடம்

ஓணத்து வடம் இழுப்புப் போட்டிக்கு நின்ற பாலையனும் கூட்டாளிகளும் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் மாதவன் பிள்ளைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வடம் வழக்கம்போல் அவர் வீட்டிலிருந்து வந்ததுதான்.

துபாயில் சிமெண்ட் மூட்டை தூக்கிய சோமன் அவர்களுக்குக் கோச்சாம்! கறுப்புக் கண்ணாடி வேறு.

"எலே சோமா, பயலுவள உறக்கிப் போட்டியா?"

"மனச ஒரே எடத்தில நிறுத்தச் சொன்னேன், அங்கத்தே. அதுதான் பெலம்."

"பத்து சென்ட் குடிசைக்காரனுக்கு மனசு ஒரு கேடா!"

பிள்ளை காறித் துப்பினார். எதிரே நின்றது அவர் பாலும் முட்டையும் கொடுத்துத் தேற்றிய அணி.

விசில் ஊதிய ஒரே நிமிடத்தில் அந்த அணி குப்புற விழுந்து மண்ணைக் கவ்வியது.

பரிசான ஏத்தன் வாழைக்குலையைப் பிள்ளையே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"எலே, கண்ண மூடி எந்தச் சாமியக் கும்பிட்டிய?"

பாலையன் குலையைத் தோளில் ஏற்றினான்.

"சாமி இல்ல, அங்கத்தே. குடிசை நிக்கிய மண்ணு குடியிருக்கியவனுக்கேண்ணு குடிகிடப்புச் சட்டம் வருதுண்ணு கேட்டதும் எங்க எட்டுபேருக்க குடிசைத் தூணிலயும் வடம் கெட்டி இழுக்க ஆள் விட்டியளே? அண்ணு தூண விடாமப் பிடிச்சோண்டு நின்னோம். அதத்தான் சோமன் நினைக்கச் சொன்னாரு."

பிள்ளை திரும்பி நடக்கப் பார்த்தார்.

"நினைக்க ஒண்ணும் பாடுபடல்ல," என்றான் பாலையன். "வடமும் அதே வடமாக்கும்."