பட்டத்து ராணிக்குப் பசி

அரிசோனா பாலைவனத்தில் மணற்காற்று. வீடாகவே அமைத்த பெரிய மோட்டார் வண்டியின் சன்னல்களையெல்லாம் இறுக்கி அடைத்துவிட்டு வெர்னாவும் அவள் கணவன் கிளைடும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

‘கீங்... கீங்...’

“கேட்டியா? உன் பட்டத்து ராணிக்கு இன்னும் பசி அடங்கல,” என்றாள் வெர்னா.

வீட்டிலிருந்த பெரிய ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றி இன்வெர்ட்டரில் ஓட்டுவது கிளைடின் பிடிவாதம். பாட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் இப்படித்தான் கத்தும்.

“அதான் வண்டிக்கு அடியில ஜெனரேட்டர் ஓடுதே. பாட்டரி ஏறினா வாயை மூடிக்கும். நீ சீட்டைப் போடு.”

“தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, கிளைட்.”

“எனக்கும்தான். எல்லாம் நீ சமைச்ச பீன்ஸ்.”

“அப்படியா? உன் ராணி கொஞ்சம் பட்டினி கிடக்கட்டும்.”

வெர்னா தள்ளாடி எழுந்துபோய் இன்வெர்ட்டரை அணைத்தாள். ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது.

‘கீங்... கீங்...’

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப இவ்வளவு நேரமா கத்தினது எது?” என்றாள் வெர்னா.

கிளைட் அண்ணாந்து பார்த்தான். ஜெனரேட்டரின் விஷப்புகை உள்ளே கசிந்தால் மட்டும் கத்தும் வெள்ளைப் பெட்டி, கதவுக்கு மேலே சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைதான் எழவில்லை.